மூக்கு அடைத்தால் முகம் மாறும்!
பிள்ளைகள் தலையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது, சுருளிப்பட்டி. பன்னீர் திராட்சைக்குப் பேர் போன ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால், தலைக்கு மேலே பச்சைப் பந்தல். கால் நட்டு, கம்பி இழுத்து, கொடியை அதன்மேல் படர விட்டிருப்பார்கள்.

கொடி தானாகத்தான் வளர்கிறது. ஆனால், எந்தப் பக்கம் போவது என்பதைக் கம்பி தீர்மானிக்கிறது. இளங்கொடியைக் கையால் திருப்பிக் கட்டிவிடலாம். முற்றிய கொடியைத் திருப்பினால் ஒடிந்துவிடும்.

குழந்தையின் முகமும் இப்படித்தான்!

தாடை எலும்பு தானாக வளர்கிறது. அது முன்னால் வளருமா, கீழே இறங்குமா, ஒரு பக்கம் சாயுமா என்பதில் பலவற்றுக்குப் பங்கு உண்டு. பெற்றோரிடமிருந்து வரும் அமைப்பு முதல் பங்கு. நாக்கு, உதடு, கன்னம், மூச்சு ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கிறது. பிள்ளை தன் தலையை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதும் அவற்றில் ஒன்று.

"தலையை வைத்துக்கொள்வதற்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. உலகத்தின் பல நாட்டு டாக்டர்கள் பல ஆண்டுகள் அளந்து பார்த்துச் சொன்ன சம்பந்தம் அது.

வாயைத் திறந்தபடி ஒரு பிள்ளை

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கலாம்.

வாய் எப்போதும் பாதி திறந்திருக்கும். மேல் உதடு சின்னதாக, மேலே ஏறி இருக்கும். முன்பல் எடுப்பாகத் தெரியும். முகம் நீளமாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை. கழுத்தை முன்னால் நீட்டி, மோவாயை லேசாகத் தூக்கி வைத்திருக்கும்.

இரவில் குறட்டை விடும். காலையில் எழுப்பினால் எழுந்திருக்காது. வகுப்பில் தூங்கி வழியும். "மந்தம்" என்று வாத்தியார் சொல்லுவார். "வாயைப் பிளந்துகொண்டு நிற்காதே" என்று வீட்டில் திட்டுவார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பட்டப் பெயர் வைப்பார்கள்.

பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மூக்கில் மூச்சு போகவில்லை. அதனால் வாயைத் திறக்கிறது. வாயால் தாராளமாக மூச்சு விடத் தலையைப் பின்னால் சாய்க்கிறது. தலையை அண்ணாத்தினால் தொண்டைப் பாதை விரியும். உயிர் பிழைக்க உடம்பு தானாகவே செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்குகிறார்கள். மூச்சுப் பாதை திறக்கிறது. மூக்கடைத்த பிள்ளை அதையே சிறிய அளவில், பகலும் இரவும் செய்துகொண்டிருக்கிறது!

விரலால் கண்டுபிடித்த டாக்டர்

மூக்கு ஏன் அடைக்கிறது? சளி, தூசி, ஒவ்வாமை, மூக்குத்தண்டு வளைவு என்று பல காரணம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முக்கியமான காரணம், அடினாய்டு.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சதை இருக்கிறது. அதுதான் அடினாய்டு. நோய்க்கிருமிகளைத் தடுக்க உடம்பு வைத்திருக்கும் காவல்காரன் அது. பெரும்பாலும் மூன்று வயது முதல் ஏழு வயது வரை பெரிதாக இருக்கும். பிறகு மெல்ல மெல்லச் சுருங்கிவிடும்.

சில பிள்ளைகளுக்கு அது அளவுக்கு மீறி வீங்கிவிடுகிறது. காவல்காரனே வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் எப்படி?

இதை உலகத்துக்குச் சொன்னவர் வில்ஹெல்ம் மேயர். டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இருந்த டாக்டர். காது மந்தம், மூக்கடைப்பு என்று வந்தவர்களின் மேல்வாய்க்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மெத்து மெத்தென்று சதை தட்டுப்பட்டது. 1868-ம் ஆண்டில் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சதையை எடுத்ததும் மூச்சும் பேச்சும் சீரானதைக் காட்டினார்.

வாய் திறந்த, நீண்ட முகத்துக்கு "அடினாய்டு முகம்" என்று டாக்டர்கள் பேரே வைத்துவிட்டார்கள்.

இதே காலத்தில், டாக்டர் அல்லாத ஒருவரும் இதைப் பற்றி எழுதினார். அவர் ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியர். செவ்விந்தியர்களின் ஊர் ஊராகப் போய் அவர்களைப் படம் வரைந்தவர். செவ்விந்தியத் தாய்மார்கள், தூங்கும் குழந்தையின் வாய் திறந்திருந்தால் உதடுகளைச் சேர்த்து மூடிவிடுவார்களாம். அதைப் பார்த்து வியந்து, 1860-களின் தொடக்கத்தில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்!

கண்ணாடி முன்னால் 120 பேர்

நூறு வருஷம் கழிந்தது. அதே கோபன்ஹேகனில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது.

பெனி சோலோ, ஆன்ட்யே டால்கிரென் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் 120 பேரை அழைத்தார்கள். எல்லாரும் 22 வயது முதல் 30 வயது வரை உள்ள ஆண்கள். ஒவ்வொருவரையும் நிற்க வைத்து, எதிரே கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்க்கச் சொன்னார்கள். அந்த நிலையில் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

யாரும் தலையைப் பிடித்து நிறுத்தவில்லை. அவரவர் இயல்பாக எப்படி நிற்பாரோ, அப்படி. பிறகு, கழுத்தெலும்புக்கும் தலைக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தார்கள். முகத்தின் நீளத்தையும் தாடையின் சாய்வையும் அளந்தார்கள்.

1976-ல் முடிவு வெளிவந்தது.

தலையைப் பின்னால் சாய்த்து வைத்திருந்தவர்களுக்கு முகத்தின் முன்பக்கம் நீளமாக இருந்தது. கீழ்த்தாடை பின்தள்ளி, கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. தலையைக் குனிந்தாற்போல் வைத்திருந்தவர்களுக்கு முகம் குட்டையாகவும், தாடை முன்னால் வந்தும் இருந்தது.

ஏன் அப்படி? மறு ஆண்டே சோலோவும், ஸ்வென் கிரைபோர்க் என்பவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். அது எளிமையான விளக்கம். நீங்களே செய்து பார்க்கலாம்.

வாயை மூடிக்கொண்டு தலையை நன்றாக அண்ணாத்துங்கள். கழுத்துத் தோலும், மோவாய்க்கு அடியில் உள்ள தசையும் விறைப்பாக இழுபடுகின்றன அல்லவா? அந்த இழுப்பு தாடையைப் பின்னாலும் கீழேயும் பிடித்திழுக்கிறது. ஒரு நிமிடம் இழுத்தால் ஒன்றும் ஆகாது. வளரும் பிள்ளைக்கு வருஷக்கணக்கில், லேசாக, விடாமல் இழுத்தால்? முன்னால் வளரவேண்டிய தாடை கீழே இறங்குகிறது என்றார்கள்.

மூக்கை அடைத்துப் பார்த்தார்கள்

"தலை சாய்ந்ததால் முகம் மாறியதா? முகம் அப்படி இருப்பதால் தலை சாய்ந்ததா?" இது நியாயமான கேள்வி.

இதற்கு விடை தேடி, அமெரிக்காவில் சில பெரியவர்களின் மூக்கை அடைத்துப் பார்த்தார்கள். மூக்கு முழுவதும் அடைபட்டதும் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. சுமார் 5 டிகிரி! அடைப்பை எடுத்ததும் தலை பழைய நிலைக்குத் திரும்பியது. 1980-ல் வந்த செய்தி இது. மூக்கு அடைத்தால் தலை சாயும் என்பது உறுதியாயிற்று.

கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்டு என்ற ஆராய்ச்சியாளர் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார். குட்டிகள் வாயால் மூச்சு விடக் கற்றுக்கொண்டன. நாளடைவில் அவற்றின் தாடையும் பல்வரிசையும் மாறின. ஆனால், எல்லாக் குட்டிக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. நாக்கை நீட்டி மூச்சு விட்ட குட்டிக்கு ஒரு விதம். தாடையைத் தொங்கவிட்ட குட்டிக்கு இன்னொரு விதம்.

ஸ்வீடனில் லிண்டர்-ஆரோன்சன் என்ற பல் சீரமைப்பு டாக்டர், பிள்ளைகளையே ஆராய்ந்தார். அடினாய்டு பெரிதாக இருந்த பிள்ளைகளுக்கு மேல்தாடை குறுகியும், முகம் நீண்டும் இருந்ததை 1970-ல் வெளியிட்டார். அடினாய்டை எடுத்து, மூக்கால் மூச்சு விடத் தொடங்கிய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பலருக்குத் தாடை மெல்ல மெல்ல முன்னோக்கி வளரத் தொடங்கியிருந்தது!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாயால் மூச்சு விடும் எல்லாப் பிள்ளைக்கும் முகம் நீண்டுவிடாது. முகம் நீண்ட எல்லாருக்கும் மூக்கடைப்பு காரணமாக இருக்காது. அப்பாவைப் போல, அம்மாச்சியைப் போல முகம் அமைவது இயற்கை. அதைக் குறையாக நினைக்கக்கூடாது. ஆனால், இயற்கையில் நன்றாக அமையவேண்டிய முகத்தை ஒரு மூக்கடைப்பு கெடுக்குமானால், அதைத் தடுப்பது நம் கடமை.

நாக்கு இருக்கவேண்டிய இடம்

வாயை மூடி, சும்மா இருங்கள். உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது? பெரும்பாலோருக்கு மேல்வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அதுதான் அதன் இடம். பல்வரிசைக்கு வெளியே கன்னம் உள்நோக்கி அழுத்துகிறது. உள்ளே நாக்கு வெளிநோக்கித் தாங்குகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் பல்வரிசை விரிந்து, அழகான வில்லாக அமைகிறது.

வாயால் மூச்சு விடும் பிள்ளையின் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. மேல்வரிசைக்கு உள்ளிருந்து தாங்கல் இல்லை. கன்னம் மட்டும் அழுத்துகிறது. மேல்தாடை குறுகுகிறது. மேல்வாய் கூரை மாதிரி உயர்கிறது. பல்லுக்கு இடம் போதவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது.

நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மெல்வின் மாஸ் என்ற பேராசிரியர், "எலும்பு தன்னிச்சையாக உருவம் எடுப்பதில்லை; அதைச் சுற்றியுள்ள உறுப்புகள் செய்யும் வேலைக்கு ஏற்பவே வளர்கிறது" என்ற கருத்தை 1960-களில் பரப்பினார். முழுவதும் அப்படியல்ல, பிறவி அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால், செய்யும் வேலைக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

கழுத்துச் சாய்ந்த குழந்தை

தலை நிலையால் முகம் மாறும் என்பதற்குக் கண்கண்ட சாட்சி ஒன்று உண்டு. அது கழுத்துக் கோணல்.

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் கழுத்தின் ஒரு பக்கத்துத் தசை இறுகிவிடும். தலை அந்தப் பக்கம் சாயும். மோவாய் எதிர்ப் பக்கம் திரும்பும். சில சமயம் கழுத்தில் சின்னக் கட்டி போலவும் தட்டுப்படும்.

"தொட்டிலில் ஒரே பக்கம் படுத்ததால் வந்தது, போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்டால் முகம் ஒரு பக்கம் சின்னதாகவும், மறு பக்கம் பெரிதாகவும் வளரும். கண் ஒன்று இறங்கித் தெரியும். தாடை கோணும். தலையின் பின்பக்கம் தட்டையாகும்.

முதல் சில மாதங்களிலேயே டாக்டரிடம் காட்டினால், கழுத்தை மெல்ல நீட்டித் திருப்பும் பயிற்சியைத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடும். நாளைத் தள்ளினால் ஆபரேஷன் தேவைப்படும். முகத்தின் சாய்வும் நிலைத்துப்போகலாம்.

கழுத்தில் குறை இல்லாமலும் தலை சாய்வது உண்டு. கண்ணைத் திருப்பும் தசையில் குறை இருந்தால், ஒன்று இரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் ஒன்றாகத் தெரியும். அதனால் பிள்ளை எப்போதும் தலையைச் சாய்த்தே வைத்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் முகம் கோணலாம்.

மகா அலெக்சாந்தரின் கழுத்து இடப் பக்கம் சற்றே சாய்ந்திருந்ததாகப் புளூட்டார்க் என்ற பழைய ஆசிரியர் எழுதியிருக்கிறார். கண் தசைக் குறையே காரணமாக இருக்கலாம் என்று 1996-ல் இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். உலகத்தை வென்ற மன்னனுக்கே அப்படியென்றால், நம் பிள்ளைக்கு இருந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தலை சாய்க்கும் பிள்ளையைக் கண் டாக்டரிடமும் காட்டவேண்டும். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குத் தேனியிலேயே கிளை இருக்கிறது.

மோவாயில் அடிபட்டால்

மரத்தில் ஏறி விழுகிற பிள்ளைகள் உண்டு. மாடிப்படியில் உருளுகிற பிள்ளைகள் உண்டு. மோவாய் கிழிந்தால் தையல் போடுவோம். புண் ஆறியதும் மறந்துவிடுவோம்.

அங்கேதான் ஆபத்து!

மோவாயில் விழுந்த அடி, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் போய்த் தாக்கும். பிள்ளையின் கீழ்த்தாடை நீளமாவதற்கு அந்த மூட்டின் முனை முக்கியமான இடம். அங்கே எலும்பு உடைந்து, கவனிக்காமல் விட்டால், மூட்டு ஒட்டிக்கொள்ளலாம். வாய் திறப்பது குறையும். கீழ்த்தாடை வளராமல் நின்றுவிடும். மோவாய் உள்ளே போய், முகம் பறவை முகம்போல் ஆகும்.

நாக்கு பின்னால் தள்ளி மூச்சுக் குழலை அடைக்கும். இரவில் மூச்சுத் திணறும். அந்தப் பிள்ளையும் மூச்சுக்காகத் தலையை அண்ணாத்தி, கழுத்தை நீட்டித்தான் நிற்கும்.

இந்தியாவில் இந்தக் குறையோடு இன்றும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆகவே, மோவாயில் பலமாக அடிபட்டால், வெளிப்புண்ணோடு விட்டுவிடாமல் தாடை மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். புண் ஆறிய பிறகும், பிள்ளை தன் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

சண்டிகரில் கண்டது

மென்று தின்பதற்கும் தாடைக்கும் சம்பந்தம் உண்டா?

ராபர்ட் கொருசீனி என்ற அமெரிக்க மானிடவியல் ஆராய்ச்சியாளர், நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வட இந்தியாவில் இதை ஆராய்ந்தார். சண்டிகர் நகரத்து இளைஞர்களின் பல்வரிசையையும், பக்கத்துக் கிராமத்து இளைஞர்களின் பல்வரிசையையும் ஒப்பிட்டார்கள். 1983-ல் முடிவு வந்தது.

கிராமத்து இளைஞர்களின் பல்வரிசை சீராக இருந்தது. நகரத்தாருக்குக் கோணல் அதிகம். ஒரே மண், ஒரே மக்கள். சாப்பாடுதான் வேறு. நகரத்தார் மெதுவானதைத் தின்றார்கள். கிராமத்தார் கடினமானதை நன்றாக மென்றார்கள். அதுவே காரணம் என்பது அவர் கருத்து.

கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்போது பிள்ளையின் பையில் பிஸ்கட்டும் ரொட்டியும்தான் இருக்கின்றன. கரும்பு, தேங்காய்ச் சில்லு, கொய்யாக்காய், பனங்கிழங்கு ஆகியவற்றைக் கடித்து மெல்லப் பழக்குங்கள். வயிற்றுக்கும் நல்லது, பல்லுக்கும் நல்லது.

ஆனால் எச்சரிக்கை! ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழு நிலக்கடலை கொடுக்கக்கூடாது. முழுத் திராட்சையும் கொடுக்கக்கூடாது. வழுக்கிப் போய் மூச்சுக்குழலை அடைத்துவிடும். சுருளிப்பட்டித் திராட்சையாக இருந்தாலும் நீளவாக்கில் நறுக்கி, விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

செய்யக்கூடாதவை

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கை உருவி விடுவதும், தாடையைப் பிடித்து அமுக்குவதும் நம் வீடுகளில் வழக்கம். உருவுவதால் மூக்கு நீளாது. வலிதான் மிச்சம்.

மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். மூக்குக்குள் வாயால் ஊதுவதும் வேண்டாம்.

தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பார்கள். ஒரு வயது ஆகும்வரை தலையணையே வேண்டாம் என்பது குழந்தை டாக்டர்கள் சொல்லும் அறிவுரை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், சிறிது நேரம் குப்புறப் போடலாம். தூக்கும் பக்கத்தையும், படுக்கும் திசையையும் மாற்றி மாற்றி வைக்கலாம். தலை தட்டையாகாது, கழுத்தும் பலப்படும்.

இரவில் வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டும் பழக்கம் இப்போது பரவுகிறது. மூக்கடைத்த பிள்ளைக்கு வாயையும் ஒட்டினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

நாக்கை மேல்வாயில் அழுத்தினால் தாடை அழகாகும் என்று செல்போனில் படம் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று அதைச் செய்கிறார்கள். இதனால் முக எலும்பு மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இந்த வழியைப் பிரபலமாக்கிய இங்கிலாந்துப் பல் மருத்துவர் ஒருவரின் பெயரை, குழந்தைகளுக்கு அவர் செய்த சிகிச்சையை விசாரித்து, 2024-ல் அந்நாட்டுப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

"நிமிர்ந்து நில்" என்று அதட்டினாலும் பயன் இல்லை. மூக்கு அடைத்திருக்கும்வரை தலை மறுபடி சாயத்தான் செய்யும். மூச்சைச் சரி செய்தால், தலை தானாக நிமிரும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பிள்ளை தூங்கும்போது கவனியுங்கள். வாய் திறந்திருக்கிறதா? வாரத்தில் பல நாள் குறட்டை விடுகிறதா? மூச்சு நின்று நின்று, திடுக்கிட்டு வருகிறதா? கழுத்தை வளைத்து, தலையைப் பின்னால் தள்ளிப் படுக்கிறதா?

விழித்திருக்கும்போது, ஒரு எவர்சில்வர் கரண்டியை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். மூக்கால் மூச்சு விட்டால் இரண்டு பக்கமும் பனி படியும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால், இன்னொரு பக்கம் அடைப்பு இருக்கலாம்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால், வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். மூக்கால் சுகமாக மூச்சு விடுகிற பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முடியாத பிள்ளை உடனே துப்பிவிடும்.

இவை நோயை உறுதி செய்யும் பரிசோதனைகள் ஆகமாட்டா. டாக்டரிடம் போகவேண்டுமா என்பதை அறிய உதவும் அடையாளங்கள்.

"தானாகச் சரியாகும்" என்று காத்திருக்கலாமா?

அடினாய்டு தானாகச் சுருங்கும் என்று மேலே சொன்னோம். அப்படியானால் காத்திருக்கலாமே என்று தோன்றும்.

இங்கேதான் கணக்குப் பார்க்கவேண்டும். சதை பத்து வயதுக்கு மேல் சுருங்கலாம். ஆனால், முகம் வேகமாக வளரும் ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிடும். மூக்கு திறந்துவிடும், குறுகிய தாடை குறுகியபடியே நின்றுவிடும்.

மேல்தாடை இரண்டு பாதி எலும்பால் ஆனது. நடுவில் தையல் போல ஓர் இணைப்பு உண்டு. பிள்ளை வயதில் அந்த இணைப்பு இளகி இருக்கும். வாயில் ஒரு கருவி பொருத்தி, மெல்ல மெல்லத் திருகி, தாடையை அகலப்படுத்திவிடலாம். பருவ வயது கழிந்தால் இணைப்பு இறுகிவிடும். வளர்ச்சி முழுவதும் நின்ற பிறகு, தாடையின் அமைப்பை மாற்ற எலும்பை அறுத்துச் செய்யும் ஆபரேஷன்தான் வழி. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அதற்காக, குறட்டை விடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உடனே ஆபரேஷன் என்று பயப்படவேண்டாம். பலருக்கு ஒவ்வாமைக்கு மருந்தும், மூக்கில் அடிக்கும் மருந்தும் போதும். யாருக்கு மருந்து, யாருக்கு ஆபரேஷன் என்பதைக் காது மூக்கு தொண்டை டாக்டர் முடிவு செய்வார். மூச்சு சரியான பிறகு, பல் சீரமைப்பு டாக்டர் தாடையைப் பார்ப்பார். ஏழு வயதுக்குள் ஒரு முறை பல்வரிசையைக் காட்டிவிடுவது நல்லது. கிளிப் போடுவதாக இருந்தாலும், மூச்சைச் சரி செய்யாமல் போட்டால் பல் மறுபடி பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

எங்கே போவது?

பணம் இருந்தால்தான் முடியும் என்று நினைக்கவேண்டாம்.

பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்க, 2013-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது. குழு வரும்போது, "பிள்ளை வாயால் மூச்சு விடுகிறான், குறட்டை விடுகிறான், தலையைச் சாய்க்கிறான்" என்று எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கம்பத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேல் தேவையென்றால், கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

பள்ளத்தாக்கின் ஊர்களில் பல தாய்மார்கள், விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைமேல் ஏலத் தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வர மாலை ஆகிவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தாதான். ஆகவே, இந்தச் செய்தியை அப்பத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அதிகம் கவனிக்கிறவர் அவர். கவனித்ததை அசட்டை செய்யாமல் கேட்டுக்கொள்ளவேண்டியது நீங்கள்.

வாய் திறந்து தூங்கும் பிள்ளை சோம்பேறி அல்ல, மந்தமும் அல்ல. மூச்சுக்குப் போராடும் பிள்ளை. அதைத் திட்டாதீர்கள்.

இன்று இரவு விளக்கை அணைக்குமுன், தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். உதடு சேர்ந்திருக்கிறதா? மூச்சுச் சத்தம் இல்லாமல் வருகிறதா? அப்படியானால் நிம்மதியாகத் தூங்குங்கள். இல்லையென்றால், நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.